நாலுக்கு ஏழு

எங்கள் வீட்டு வரைபடத்தில் சமையலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்னக் கட்டம் உண்டு. நாலடிக்கு ஏழடி. உள்ளே 'யூட்டிலிட்டி' என்று எழுதியிருக்கும்; துணி துவைத்து உலர்த்தும் இடம். மடிப்பாக்கத்தில் இந்த வீட்டை வாங்கியபோது வங்கிக் கடனுக்காக அந்த வரைபடத்தை எத்தனையோ முறை பிரித்து மடித்திருக்கிறேன். கூடம் எத்தனை அடி, கட்டில் போட்டால் பீரோவுக்கு இடம் மிஞ்சுமா என்றெல்லாம் அளந்தவன், அந்தக் கட்டத்தின் மேல் விரல் வைத்ததே இல்லை. குடிவந்து பதினோரு ஆண்டுகளில் அங்கே நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது.

போன வருடம் மனைவிக்குத் தோள்பட்டை இறுகிக்கொண்டது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. துணி பிழிவதும் கொடியில் போடுவதும் சில மாதங்களுக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் நான்தான். துணி என் தலையில் விழுந்தது.

முதல் நாள் அழுக்குக் கூடையோடு உள்ளே போய் விளக்கைப் போட்டேன். விளக்கு என்று சொல்வது மரியாதைக்காக. கூரையில் ஒரு பழைய ஜீரோ வாட் பல்ப். அந்தப் பெயரை வைத்தவரைச் சந்திக்க ஆசை. பழைய ஜீரோ வாட் பல்புகள் பத்துப் பதினைந்து வாட் தின்றுவிட்டு, தீக்குச்சி அளவுக்குத்தான் வெளிச்சம் தரும். அந்த வெளிச்சத்தில் கறுப்புக் காலுறையும் கருநீலக் காலுறையும் ஒன்றுதான். சுவரில் பெயின்ட் கொப்பளித்து, அப்பளம்போல உடைந்து தொங்கியது. ஒரு மூலையில் பெரிய நீல டிரம், 2019 கோடையின் நினைவுச் சின்னம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, லாரித் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருந்த அந்த ஜூன் மாதத்தில் வாங்கியது. கிரில்லுக்கு வெளியே புறா வலை, வலைக்கு வெளியே புறா. வாஷிங் மெஷினின் மேல் கை வைத்தேன். சுருக்கென்றது.

"என்ன இது, ஷாக் அடிக்கிறது?" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "மூன்று வருடமாகச் சொல்கிறேன். செருப்புப் போட்டுக்கொண்டு துவை என்றீர்கள்."

சொல்லியிருக்கிறேன். நினைவிருக்கிறது. செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்.

அதனால் இந்த அறையை அழகாக்கும் வேலை பெயின்டில் தொடங்கவில்லை, எலெக்ட்ரீஷியனில்தான் தொடங்கியது. எங்கள் மெஷின் முன்பக்கம் திறக்கும் வகை. தண்ணீரைச் சுடவைக்கும்போது சுமார் 2,000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அது சொருகியிருந்ததோ 6 ஆம்பியர் சாக்கெட்டில். பெரிய பிளக் சின்ன ஓட்டையில் நுழையாது என்பதற்காக நடுவில் ஒரு கன்வர்ட்டர் வேறு; யாரோ புத்திசாலி வாங்கி மாட்டியது, யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சாக்கெட்டைக் கழற்றிய எலெக்ட்ரீஷியன், பின்னால் எதிலும் இணைக்கப்படாமல் சுருண்டு கிடந்த பச்சைக் கம்பியை ஸ்குரூ டிரைவர் நுனியால் தூக்கிக் காட்டினார். "சார், எர்த் இங்கேதான் தூங்குகிறது" என்றார். 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் பாதுகாப்பு சுவிட்ச் எல்லாம் சேர்த்து ஒரு பகலில் முடிந்தது. கூடவே ஜீரோ வாட்டைக் கழற்றிவிட்டு, நாலடி நீள 20 வாட் எல்இடி ட்யூப். ஆஸ்பத்திரி வெள்ளையாக இல்லாமல், பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறம். கடையில் 4,000 கெல்வின் என்று கேட்டால் தருவார்கள்.

சொந்தக் கையால் செய்வது பற்றி எழுத வந்துவிட்டு முதல் வேலையையே ஆள் வைத்துச் செய்ததைச் சொல்கிறேன். ஈரத் தரையில் நின்றுகொண்டு மின்சாரத்தில் கை வைப்பதற்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. உங்களுக்கும் இருக்க வேண்டாம்.

விளக்கு எரிந்த அன்று இரவுதான் அந்தச் சுவர்களை முழுசாகப் பார்த்தேன். மங்கலே மேல் என்று தோன்றியது.

அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மூன்று நாள் எங்கள் தெருவில் படகு விடலாம் என்ற நிலை. நாங்கள் இரண்டாவது மாடி என்பதால் வெள்ளம் வரவில்லை; ஆனால் கிரில் வழியாகச் சாரல் இரவு பகலாக அடித்துச் சுவர் ஊறிவிட்டது. தை பிறந்ததும் ஒரு பெயின்டரைக் கூப்பிட்டோம். அவர் கொப்பளித்த இடத்தில் புட்டி பூசி, மேலே பளபளவென்று எனாமல் அடித்துக்கொடுத்தார். ஈரமே உள்ளே போகாது என்றார். போகவில்லைதான். உள்ளே இருந்த ஈரம் வெளியே வந்தது. சித்திரையில் முதல் கொப்புளம், ஆடிக்குள் சுவர் முழுக்கச் சொரி.

இதில் குற்றவாளி தண்ணீரைவிட அதில் கரைந்திருக்கும் உப்புதான். செங்கல், மணல், சிமெண்ட் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. கட்டும்போது ஊற்றிய போர் தண்ணீரில் இன்னும் அதிகம். சுவர் ஈரமானால் உப்பு கரைந்து தண்ணீரோடு மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் காற்றில் போய்விடும், உப்புக்குப் போக்கிடம் இல்லை. அங்கேயே படிகமாகி மேலே இருக்கும் பெயின்டை நெம்பித் தள்ளுகிறது. கொத்தனார்கள் இதை 'உப்பு பூத்துவிட்டது' என்பார்கள். பூத்தது என்ற சொல் பொருத்தம்தான். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சுபோல மெல்லிய இழைகள் நின்றுகொண்டிருக்கும். ஊதினால் பறக்கும். மறுவாரம் மறுபடி பூக்கும்.

நான் நெட்டில் பார்த்து வைத்திருந்த படங்களில் இப்படி ஒரு சுவரும் இல்லை. வெளிநாட்டுத் துவைக்கும் அறைகள் நான்கு பக்கமும் மூடியவை. துணியை மெஷினே உலர்த்திவிடும், தரை நனையாது. அங்கே பிரம்புக் கூடை வைக்கலாம், சுவரில் காகிதம் ஒட்டலாம், ஜன்னலோரம் மரப் பலகையில் கண்ணாடி ஜாடி அடுக்கலாம். நம்முடையது முக்கால் அறை. நாலாவது சுவருக்குப் பதில் கிரில். மழை, புழுதி, மூன்று மணி வெயில், புறா எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். பிரம்புக் கூடை இங்கே ஒரு கார்த்திகையைத் தாண்டாது. ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பூஞ்சை பிடித்த பிரம்பின் வாடை, ஈரச் சாக்கில் வைத்த காளானின் வாடை.

என்ன செய்வது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்னால் வந்து நின்ற அம்மா சொன்னாள்: "பேசாமல் வெள்ளையடிடா. சுண்ணாம்பு மூச்சு விடும்."

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. தன் புடவையை இன்றுவரை மெஷினில் போட்டதில்லை. குழாயடியில் சின்னத் துவைகல்லில் கும்மி, அலசி, பிழிந்து, தானே கொடியில் போடுவாள். அந்த அறையில் தினம் நிற்பவள். அவளிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விசாரித்ததில் அவள் சொன்னது சரிதான். எனாமல் சுவரின் வாயைக் கட்டிவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். உப்பு பூத்தாலும் துடைப்பத்தால் தட்டிவிட்டு மேலே இன்னொரு கை அடிக்கலாம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் எளிதில் வராது. ஒரு காலத்தில் மெட்ராஸ் சுண்ணாம்பு என்றாலே பெயர். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் பூசித் தேய்த்துத் தேய்த்துச் சலவைக்கல்போல மின்ன வைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பங்களாத் தூண்களில் அதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் இன்று ஹார்டுவேர் கடையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கேட்டால், "வெற்றிலைக்கா சார்?" என்கிறார்கள். நாலாவது கடையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் போட்ட பெரியவர், பொங்கலுக்குக்கூட இப்போது யாரும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டே ஐந்து கிலோ நிறுத்தார்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இருந்தது, அது அலுப்பான வேலை. பழைய பெயின்டின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பூச்சு தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். புட்டி பிளேடும் கம்பிப் பிரஷுமாக மூன்று ஞாயிறு. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷால் தட்டி, கூட்டி, வாரிக் குப்பையில் போட வேண்டும். கிரில்லின் அடிக்கட்டை உள்பக்கமாகச் சரிந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். பத்து வருட மழையும் வீட்டுக்குள் வழிய வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். சிமெண்ட் கலவை போட்டு வெளிப்பக்கம் சரிவு கொடுத்தேன். குழாய் இணைப்பில் இருந்த கசிவுக்கு நாற்பது ரூபாய் நூல். பிறகு சுவரை அப்படியே விட்டுவிட்டேன். தை பாதியிலிருந்து பங்குனி வரை, ஒன்றரை மாதம். சென்னையில் சுவர் காய்வதற்கு அதைவிட நல்ல மாதங்கள் கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "என்ன, வேலை பாதியில் நிற்கிறதா?" என்று கேட்டார்கள். காய்ந்துகொண்டிருப்பதும் வேலைதான் என்று யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை.

சுண்ணாம்பு நீற்றும் அன்று பிளாஸ்டிக் வாளியை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள். சுட்ட கிளிஞ்சல் தண்ணீரைத் தொட்டால் கொதிக்கும், வாளி இளகிவிடும் என்றாள். பழைய இரும்புச் சட்டியில் தண்ணீரை வைத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட்டோம். தண்ணீரை அதன் மேல் ஊற்றக் கூடாது. நெருப்பே இல்லாமல் சட்டி குமுறிக்கொண்டு கொதித்தது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் மகளின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் அதைப் படமெடுத்து எங்கெல்லாம் அனுப்பினாள் என்று இன்னும் முழுப் பட்டியல் கிடைக்கவில்லை. ஆறியதும் பழைய வேட்டியில் வடிகட்டி ஒரு வாரம் ஊறவிட்டோம். கையில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் ஃபெவிகால். கடைசியாக ஒரு துளி நீலம். வேட்டிக்குப் போடும் அதே நீலப் பொடி.

நிறம் பற்றி வீட்டில் மூன்று கட்சி. மகளுக்கு வெளிர் ஊதா வேண்டும். சுண்ணாம்பின் காரத்துக்கு எல்லா நிறமும் தாங்காது, வெளுத்துவிடும். காவி, மஞ்சள் மண், நீலப் பொடி இவை தாங்கும். நம் கோயில் மதிலும் கிராமத்துத் திண்ணையும் ஏன் அந்த இரண்டு மூன்று நிறத்திலேயே இருக்கின்றன என்பது எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் விளங்கியது. கடைசியில் இரண்டு பக்கச் சுவருக்கு நீலம் தோய்ந்த வெள்ளை, மெஷினுக்குப் பின்னாலிருக்கும் சுவருக்கு மட்டும் மஞ்சள் மண் கலந்தது என்று உடன்பாடு.

அடிக்கும்போது ஒரு வேடிக்கை. பிரஷை இழுத்தால் ஒன்றுமே தெரியவில்லை. சுவரை வெறும் தண்ணீரால் துடைத்த மாதிரி சாம்பல் நிறமாக, பழைய கறைகளையெல்லாம் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்து இன்னும் கெட்டியாக எடுத்தேன். "நீர்க்கவே அடி, பொறு" என்றாள் அம்மா. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேல் மூலையில் ஒரு பட்டை வெளுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை அந்த மூலையிலிருந்து கீழே இறங்கியது, ஒவ்வொரு பிரஷ் கோடாக, முதலில் அடித்தது முதலில். பழைய கறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி வாங்கி அது மறுபடி கிளிஞ்சல் என்னவாக இருந்ததோ அதுவாகவே ஆகிறதாம். நாள்கணக்காக அந்த வேலை நடக்கும். மூன்று மெல்லிய கை அடித்தோம். பத்தாவது நாள் காலை, கிரில் வழியாக வந்த வெயிலில் அந்த அறை சமையலறைக்கு வெளிச்சம் அனுப்பிக்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக சமையலறைதான் அதற்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது.

கீழ் மூன்றடிக்குச் சுண்ணாம்பு உதவாது. தண்ணீரும் சோப்பும் தெறிக்கும் இடம். ஆத்தங்குடி ஓடு பதிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கண்ணாடி மேல் நிறச் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே பூ வரைந்து செய்கிறார்கள், சூளையில் சுடுவதில்லை. டைல்ஸ் கடைக்காரர் நேர்மையான மனிதர். "சார், அது சிமெண்ட். உப்புக் கறை போக நீங்கள் ஒரு நாள் ஆசிட் ஊற்றினால் பூவெல்லாம் போய்விடும்" என்று சொல்லி, விற்காமல் மூலையில் கிடந்த உதிரி மேற்சுவர் டைல்களைக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு பூ; பெட்டி நிறைய, கிடைத்த விலைக்குக் கொடுத்தார். மகள் அவற்றைக் கூடத்தில் பரப்பி இரண்டு நாள் மாற்றி மாற்றி அடுக்கினாள். முதல் ஐந்து டைல்களை வெட்டும்போதே உடைத்தேன். உடைந்ததையும் பதித்தோம். தெரிந்தவர்கள் யாராவது வந்தால் அது திட்டமிட்டுச் செய்தது என்று சொல்வேன்.

அடுத்தது அலமாரி. இங்கேதான் சுவர் என்னைப் பழி வாங்கியது.

சோப்புத் தூள், நீலம், கிளிப் வைக்க ஒரு பலகை வேண்டும். மனைவி கையைத் தூக்காமல் எட்டும் உயரத்தில், நெஞ்சளவுக்கு. டிரில் மெஷின் கடன் வாங்கினேன், கான்கிரீட் பிட், பிளாஸ்டிக் பிளக், எல் ஆங்கிள் எல்லாம் தயார். பலகை குழாய்க்கு நேர் மேலே வந்தால் அழகாக இருக்கும் என்று பென்சிலால் குறி போட்டு அழுத்தினேன். முதல் அங்குலம் செங்கல் தூள். இரண்டாவது அங்குலத்தில் ஒரு மென்மை. அடடா, சுவர் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று நினைப்பதற்குள் முகத்தில் தண்ணீர். மாடித் தொட்டியிலிருந்து இரண்டு மாடி உயரத்து அழுத்தம், ஒரு பென்சில் பருமனுள்ள தாரையாகப் பாய்ந்து எதிர்ச் சுவரைத் தொட்டது. எதிர்ச் சுவர், மூன்று கை சுண்ணாம்பு அடித்த சுவர். நான் விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்க, மகள் மாடிக்கு ஓட, வால்வு துருப்பிடித்துத் திரும்பாமல் வாட்ச்மேன் குறடு கொண்டு வர, இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் மனைவி வாசற்படியில் ஒரு துண்டோடு நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

சுவரை உடைத்துக் குழாயின் அந்தத் துண்டை மாற்றிய குழாய்க்காரர், எனக்கு இலவசமாக ஒரு பாடம் நடத்தினார். குழாய்க்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒருபோதும் துளை போடாதீர்கள் சார். தண்ணீர் எங்கிருந்தோ வந்துதானே ஆக வேண்டும்? சுவிட்சுக்கும் அதே கணக்கு. இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கூலி 1,200 ரூபாய். பலகை இப்போது குழாய்க்கு ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. கூரையில் கயிறு இழுத்தால் கீழே இறங்கி வரும் உலர்த்தும் கம்பிகளை மாட்ட ஆள் வைத்துவிட்டேன். அந்தக் கம்பிகள்தான் இந்த அறையில் மனைவி மனதாரப் பாராட்டிய ஒரே பொருள். இடுப்பளவுக்கு இறக்கித் துணியைப் போட்டு, நல்ல கையால் கயிற்றை இழுத்து மேலே அனுப்பிவிடுகிறாள்.

நீல டிரம்மை எடுத்துவிடலாம் என்றேன். வீட்டில் மூவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். மெஷினின் கடைசி அலசல் தண்ணீர் அதில் விழுகிறது, குளியலறை கழுவ அதுதான். சரி, அழகாக்கலாம் என்று மகள் அதன் மேல் எனாமலில் மீன் வரைந்தாள். அழகான மீன்கள். இரண்டே வாரத்தில் செதிலோடு உரிந்து வந்தன. அந்த வகை பிளாஸ்டிக்கில் சாதாரணப் பெயின்ட் நிற்காது என்று பிறகு தெரிந்துகொண்டோம். அப்புறம் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை ஒன்று கிடைத்தது, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி, நடுவில் கிழிந்தது. அதை டிரம்முக்கு உறையாகத் தைத்து, மேலே நாடா போட்டுச் சுருக்கினோம். மிஞ்சிய முந்தானையைக் கல் மேடைக்கு அடியில் கம்பியில் கோத்துத் திரையாக்கினோம். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) டப்பா, பினாயில், ஒட்டடைக் கம்பு எல்லாம் அதற்குப் பின்னால்.

எலுமிச்சை உப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் காட்டுகிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்கிறது. இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. சுண்ணமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படியும். வெள்ளைச் சட்டை பழுப்பாவதற்கு நான் இவ்வளவு நாள் சோப்புக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மாதம் ஒருமுறை வெறும் மெஷினில் நூறு கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டுச் சூடான தண்ணீரில் ஓட விடுகிறேன். முதல் முறை வெளியே வந்த தண்ணீரின் நிறத்தை இங்கே வர்ணிக்க விரும்பவில்லை.

துணி பிரிக்கும் பைகளும் அம்மாவின் யோசனைதான். அரிசி மூட்டைத் துணியில் நான்கு பை தைத்துச் சுவரோரம் கொக்கியில் மாட்டியிருக்கிறோம்: வெள்ளை, சாயம் போவது, பள்ளிச் சீருடை, துண்டுகள். பேர் எழுதலாம் என்றாள் மகள். அம்மா ஊசியை எடுத்து ஒரு பையில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு, அடுத்ததில் பெருக்கல் குறி, நாலாவதில் பிறை என்று சிவப்பு நூலில் தைத்துவிட்டாள். அவள் சின்ன வயதில் ஊரில் துணி எடுக்க வருபவர் சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் இப்படி ஒரு குறி வைப்பாராம். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அது போகாது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், நூறு வீட்டுத் துணியைக் கலந்து ஆவியில் வைத்துவிட்டு ஒன்றுகூட மாறாமல் கொண்டுவந்து கொடுப்பார் என்றாள். கம்பெனி காலத்தில் துணி வெளுப்பவர்களுக்காக ஒரு பேட்டையே உண்டான ஊர் இது. இன்றும் வண்ணாரப்பேட்டை என்றுதான் அதற்குப் பெயர். திறந்த வெளியும் தண்ணீரும் வெயிலும் தேவைப்பட்ட ஒரு வேலையை நாலுக்கு ஏழில் அடைத்து, அதற்குக் கதவும் போட்டிருக்கிறோம்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். எலெக்ட்ரீஷியன், கூரைக் கம்பி, குழாய் விபத்து மூன்றையும் தள்ளிவிட்டால் நாலாயிரம் ரூபாய்க்குள். அவற்றைச் சேர்த்தால் எவ்வளவு என்று மனைவியிடம் ஒரு குறிப்பு இருக்கிறது.

செடி வைத்தோம், கற்பூரவல்லி. சோப்புத் தண்ணீரை ஊற்றியதில் முதல் தொட்டி போய்விட்டது. இரண்டாவது நல்ல தண்ணீரில் பிழைத்துக்கொண்டது. ஊறுகாய் வைத்திருந்த பீங்கான் ஜாடியில் இப்போது சோப்புத் தூள். சுவரில் கோலம் எழுதித் தரும்படி அம்மாவைக் கேட்டேன். கோலம் தரைக்கு என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை துணி போடப் போனபோது, துவைகல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் படாத ஒரு சாண் இடத்தில் ஐந்து புள்ளி வைத்து ஒரு சின்னச் சிக்குக் கோலம் இருந்தது. அதை மிதிக்காமல் மெஷினைத் திறக்க உடம்பைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஐப்பசி. நான்கு நாளாக மழை. நேற்று கிரில்லுக்குக் கீழே வலது மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சுவர் கறுத்திருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே மனைவி பார்த்துவிட்டாள். அந்தக் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதியிருக்கிறாள். இன்று காலை துண்டுகளை உள்ளே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. மிஞ்சிய சுண்ணாம்பு மேடைக்கு அடியில், திரைக்குப் பின்னால், மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடி வைத்திருக்கிறது. மழை விட்டுச் சுவர் காய்ந்ததும் எடுக்க வேண்டும்.